கடல் இல்லாத துறைமுகம்

நான் குடியிருக்கும் துறைமுகத்தில் கடல் இல்லை. ஜப்பானிய மொழியில் மினாட்டோ என்றால் துறைமுகம். எங்கள் பகுதியின் பெயரும் அதுதான். மினாட்டோ ரயில் நிலையத்தில் இறங்கி, மினாட்டோ பாலர் பாடசாலையைக் கடந்து, மினாட்டோ பல் வைத்தியரின் பலகையடியில் திரும்பினால் என் வீடு. யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் பெனியன்கள் காயும். கடல் எங்கே என்று பொதுக் குளிப்பகத்துக் கிழவரிடம் ஒருநாள் கேட்டேன். நான் வழிதவறிவிட்டேன் என்று நினைத்த மனிதர் தரையைக் காட்டி, "மினாட்டோ, மினாட்டோ" என்று ஆறுதல் சொன்னார். அவருடைய பாட்டன் காலத்தில் அந்த இடத்தில் படகு கட்டினார்களாம். பிறகு கடலை மண்போட்டு நிரப்பிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாட்டில் இப்படி எத்தனையோ மினாட்டோ உண்டாம். அசல் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரனுக்கு வயிறு எரியாதா?

வந்த புதிதில் தொழிற்சாலையில் இரண்டு வீட்டு விபரங்களைத் தந்தார்கள். ஒன்று மினாட்டோ. மற்றதன் பெயரில் 'யாமா' இருந்தது, அதாவது மலை. போய்ப் பார்க்காமலே துறைமுகத்தைப் பாய்ந்து பிடித்தேன். மலையை, என்னோடு வேலைசெய்யும் பக்கத்து ஊர்க்காரன், கிண்ணியா அன்வரின் தலையில் கட்டினேன். அந்த மேட்டு வீட்டிலிருந்து குடாவும் கப்பல்களும் முழுதாகத் தெரிகின்றன. தினமும் காலையில் அன்வர் ஒரு கப்பல் படம் அனுப்புவான். பல்லைக் கடித்துக்கொண்டு, என் யன்னல் காட்சி என்று அதை மனைவி சுகந்திக்கு அனுப்புவேன். எங்கள் ஊர் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி பல் துலக்கி வளர்ந்தவள் அவள். "கடல் தெரியாத வீடெண்டா நான் வரமாட்டன்" என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அவளுக்கு விசா கிடைத்த செய்தி வந்த அன்றே அன்வரிடம் ஓடினேன். என்னோடு வீட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன்.

"திருகோணமலையெண்டு ஊருக்குப் பேர் வச்சிருக்கிறாய். மலையில இருந்தா கடல் தெரியாதெண்டு நினைச்சியே மச்சான்? ஏலாது போ."

சுகந்தி வந்தாள். பெட்டியை வைத்த கையோடு யன்னலைத் திறந்தாள்.

"எங்கயப்பா கடல்?"

"பின்னேரம் வரும்" என்றேன். பயத்தில் எனக்குப் பகிடிதான் வரும். இரண்டு நாட்களாக அவள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவளுடைய அக்கா ஊரிலிருந்து காணொளியில் வந்தார். மதிலோரம், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று. அதற்குப் பின்னால், அங்கே இன்னும் காயும் பகல் வெயிலில், உள்துறைமுகம். எனக்கு அந்த மானைப் பார்த்தும் பொறாமை.

"உங்கட கடலையும் ஒருக்காக் காட்டன், பிள்ளை."

சுகந்தி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"இஞ்ச இருட்டிட்டுது அக்கா, ஒண்டும் தெரியாது. துறைமுகத்துக்குள்ளதான் இருக்கிறம். நீங்கள் உங்கட பக்கத்தைக் காட்டுங்கோ."

தொலைபேசியை யன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். அந்தச் சின்னத் திரையில் கடல் மினுங்கியது. கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், பெனியன்கள்.

"கதிரையைக் கிட்டப் போடுங்கோ" என்றாள்.

இரண்டு கதிரை போட்டேன்.