லோபாக்காவின் பெயர்ப்பாட்டு

ஹவாய்த் தீவின் ஹீலோ ஊரில் எங்கள் ஹூலா ஆட்டக் குழுவைப் பார்க்க வருகிறவர்கள் முன்வரிசைப் பெண்களைப் பார்ப்பார்கள், அவர்கள் இடுப்பைப் பார்ப்பார்கள், கழுத்து மாலையைப் பார்ப்பார்கள். பின்னால் பாயில் உட்கார்ந்து, இரட்டைச் சுரைக்குடுக்கையைத் தட்டிக்கொண்டு பாடுகிறவளை ஒருவரும் பார்ப்பதில்லை. அவள்தான் ஹௌனானி. முப்பத்தொரு வருஷமாக எங்களை ஆட்டிவைப்பது அவள் குரல். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முதல் வார்த்தையை அவள் எடுத்துக் கொடுத்தால்தான் எங்கள் கால் நகரும். அவள் தப்பாக எடுத்துக் கொடுத்தால் நாங்களும் தப்பாகத்தான் ஆட வேண்டும். மனப்பாடம் செய்தது எதுவாக இருந்தாலும் காதில் விழுந்ததுதான் ஆட்டம். நான் இருபது வருஷமாகப் பின்வரிசை. முன்வரிசைக்கு ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

ஹௌனானிக்கு ஐம்பத்தெட்டு வயது. விடியும் முன்பே ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள். யாரோ தூங்கி எழுந்த படுக்கை விரிப்புகளை மத்தியானம் வரை வெளுப்பாள். பிறகு வீட்டுக்கு வந்து, புருஷனை வண்டியில் ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்கு ஓட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. லோபாக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் அவரைப் படுக்கவைத்துவிட்டு எங்களுக்குத் தட்ட வருவாள். "எப்படி இருக்கே ஹௌனா?" என்று கேட்டால் "நிக்கிறேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

லோபாக்கா ரோடு போடுகிற ரோலர் ஓட்டியவர். நோய் வந்தபிறகு உடம்பு பாதியாக இளைத்துவிட்டது, வாய் மட்டும் இளைக்கவில்லை. என் பெயர் உலுலானி. அதை 'உலு' என்று சுருக்கினால் எங்கள் மொழியில் கறிப்பலா என்று பொருள் வரும், அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு ஒரே ஒரு குறை.

"கறிப்பலா, நீயே நியாயம் சொல்லு. செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் இவ தொண்டை கிழிய பெயர்ப்பாட்டு பாடுறா. ராஜாவோட குதிரைக்குக்கூடப் பாட்டு இருக்காம். எனக்கு ஒண்ணு இருக்கா?"

"உனக்கு என்னன்னு பாடுறது? தார் வாசனையையா?" என்பாள் ஹௌனானி.

"பாடேன். அந்த வாசனைக்குத்தானே மயங்கின."

கல்யாணம் ஆன வருஷமே கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள்தான். பிள்ளை, வேலை, குழு, நோய் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. அந்தக் கோடையில் டாக்டர் அவருடைய இதயமும் சோர்ந்துவிட்டது என்று சொன்னதும்தான் அவளுக்குத் திக்கென்றது. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குள் பாட்டைக் கட்டிவிடுவது என்று உட்கார்ந்தாள்.

பெயர்ப்பாட்டு என்பது விளையாட்டில்லை. ஒருவர் பெயரில் கட்டி, அவர் காதுபடப் பாடி, கடைசியில் பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிட்டால் அது அவருடைய சொத்து. கட்டினவள்கூட அப்புறம் அதில் கைவைக்கக் கூடாது. நல்ல சொல் விழுந்தால் ஆயுசு கூடும், கெட்ட சொல் விழுந்தால் ஆளையே கொண்டுபோகும். சொல்லில்தான் உயிர், சொல்லில்தான் சாவு என்று நாங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். இந்தப் பாட்டு லோபாக்காவை இழுத்துப் பிடித்து வைக்கும் என்று ஹௌனானி நம்பினாள். நானும் நம்பினேன்.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் பாட்டு பிறந்தது. ஒரு நாளில் அவள் சும்மா உட்காருகிற இடமே அதுதான். எழுதியதை எங்கள் குமுவிடம், அதாவது ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நோஹேயாவிடம், கொண்டுபோய்க் காட்டினாள். குமு அரிசியில் கல் பொறுக்குவதுபோல் வரிவரியாகப் பொறுக்கினார்.

"சாயங்கால மழையா? அடி பைத்தியமே, அவனை அஸ்தமிக்க வைக்கப் போறியா? விடிகால மழைன்னு மாத்து. இதென்ன, 'ரோடு முடியும் இடம்'? எதுக்கு முடியணும்? ரோடு போய்க்கிட்டே இருக்கட்டும்."

கடைசி அடி மட்டும் குமுவுக்குப் பிடித்திருந்தது. 'வாழ்வாய் லோபாக்கா, மலையை நிமிர்ந்து பார்த்து வாழ்வாய்.' அதற்குக் கைகள் நெஞ்சிலிருந்து மேலே எழ வேண்டும். நாங்கள் மூன்று வாரம் பழகினோம்.

பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. கார் கொட்டகையில் நீலத் தார்ப்பாய் கட்டி, கடன் வாங்கிய மேஜைகள் போட்டு, ஊரே கூடியிருந்தது. ஹௌனானி அன்றும் காலையில் சலவைக்குப் போய்விட்டு வந்தாள். அதற்கு முந்தின ராத்திரி முழுக்கப் பன்றிக்கறியை இலையில் பொட்டலம் கட்டி அவித்திருந்தாள். பாயில் உட்காரும்போது அவள் முழங்கால் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. லோபாக்கா முன்னால் நாற்காலியில், மடியில் போர்வையும் தோளில் மாலையுமாக, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாட்டு நன்றாகத்தான் போனது. விடிகால மழை வந்தது, புதுத் தார் மணந்தது, ரோடு மலையைச் சுற்றி ஏறியது. லோபாக்கா வெட்கமே இல்லாமல் அழுதார். கடைசி அடிக்கு வந்தோம். ஹௌனானி முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள்.

"இளைப்பாறுவாய்!"

நோயாளியின் பெயர்ப்பாட்டில் யாராவது வைக்கிற சொல்லா அது? ஆனால் காதில் விழுந்துவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி ஒரு கணம் தடுமாறினாள், பிறகு மேலே போக வேண்டிய கைகளைக் கீழே இறக்கி மடித்தாள். நாங்கள் எல்லோரும் இறக்கினோம். 'இளைப்பாறுவாய் லோபாக்கா, மலையில் சாய்ந்து இளைப்பாறுவாய்' என்று அவள் பாடிக்கொண்டே போனாள். வரி என்னவோ பல காலம் பழகியதுபோல் பொருந்தி வந்தது.

ஹூலாவில் ஒவ்வோர் அடியும் இரண்டு தடவை வரும். முதல் தடவை தவறினால் அடுத்த தடவை சரிசெய்யலாம். குறை சொல்கிறவர்கள் சொல்வார்கள், ஆனால் செய்யலாம். குடுக்கை பாயில் இறங்கியது. குமு கண்ணாலேயே அவளைக் கெஞ்சினார். ஹௌனானி குமுவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். முதல் தடவையைவிடத் தெளிவாக, நிதானமாக எடுத்துக் கொடுத்தாள்.

"இளைப்பாறுவாய்!"

பிறகு "இது லோபாக்காவின் பெயர்ப்பாட்டு" என்று முடித்தாள். ஒப்படைத்தாயிற்று. லோபாக்கா கைதட்டினார். வேறு யாருக்கும் கை எழவில்லை.

சமையலறையில் குமு அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "முதல் தடவை வாய் தவறிடுச்சு, சரி. மனுஷியா பொறந்தா தவறும். ரெண்டாவது தடவை என்னடி கேடு?"

"களைப்பா இருக்கு குமு," என்றாள் ஹௌனானி. பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை லோபாக்கா டயாலிசிஸுக்குப் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. மகள் ஹோனலுலுவிலிருந்து பறந்து வந்து கத்தினாள், டாக்டர் போனில் பேசினார். லோபாக்கா யாருக்கும் அசைந்து கொடுக்கவில்லை. பிறந்தநாளிலிருந்து பதினோராவது நாள், பேசிக்கொண்டிருந்தபடியே கண்ணை மூடினார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பாடியே கொன்னுட்டா" என்றார்கள். அடக்கத்துக்கு வந்து, அவள் சமைத்ததை இரண்டு தட்டு வாங்கித் தின்றுவிட்டுச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருத்தியின் தட்டைப் பிடுங்கிவிட்டேன். அடக்கத்தில் அந்தப் பாட்டை ஆட வேண்டும், ஆனால் வார்த்தையை 'வாழ்வாய்' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று குமு முன்பே சொல்லியிருந்தார். ஹௌனானி சம்மதிக்கவில்லை.

"அது அவரோடது. மாத்தணும்னா அவரைக் கேளுங்க."

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளாகத்தான் சொன்னாள்.

"முதல் தடவை நெசமாவே வாய் தவறிச்சு உலு. அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஆனா அது காதுல விழுந்ததும் மனுஷன் மூஞ்சியப் பாத்தேன். ஆறு வருஷமா எல்லாரும் உசிரோட இரு, இருன்னு சொன்னோம். அதுக்காகத் தோளைத் தூக்கிக்கிட்டே இருந்தாரு. அந்தத் தோள் அப்படியே இறங்கிச்சு. அதனால ரெண்டாவது தடவையும் சொன்னேன்."

"அவருக்காகத்தானே சொன்ன," என்றேன்.

அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"திங்கக்கிழமை வேலை முடிஞ்சு வந்து, வண்டிச் சாவியோட நின்னேன். எந்திரி, நேரமாச்சுன்னேன். 'ஒரு தடவை சொல்லியிருந்தா வாய் தவறிடுச்சுன்னு எந்திரிச்சு வந்திருப்பேன் ஹௌனா. ரெண்டு தடவை சொன்னியே'ன்னாரு. நான் அழுதிருக்கணும். கால்ல விழுந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். சாவிய மேஜையில வெச்சுட்டு, வேலைத் துணியோட அவரு பக்கத்துல படுத்தேன். இருட்டுற வரைக்கும் தூங்கினேன் உலு. அத்தனை வருஷத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல. அதைத்தான் யாருகிட்டயும் சொல்ல முடியல."