லிஃப்ட்காரரின் இரண்டு தட்டு

காலை எட்டு மணிக்கு மூன்று ஸ்பூன் கஞ்சி. சுவரில் ஒட்டிய தாளில் டிக் அடித்துவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொள்கிறார் லிஃப்ட்காரர். மூன்றில் இரண்டு ஸ்பூன் மனைவியின் தலையணையில்தான் கிடக்கிறது. அதனால் என்ன, டிக் டிக்தான்.

முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். நின்றுபோன ஒன்றை ஓட வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அக்கம்பக்கத்து மிக்ஸி, தையல் மெஷின் எல்லாமே இவர் கைபட்டவைதான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால், கருவிப் பையைத் திறப்பதற்கு முன் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளேயிருந்தும் இரண்டு தட்டு வந்த பிறகுதான் கருவியில் கை வைப்பார். மனைவி படுக்கையில் விழும்வரை வீட்டிலும் இதே கூத்துதான். குளியலறையில் மனைவி கொஞ்சம் தாமதித்தால் போதும், டொக் டொக்.

"ஐயோ, நான் ஒண்ணும் மாட்டிக்கலைங்க, குளிக்கிறேன்!" என்று அந்த அம்மாள் சத்தம் போடுவார். போட்டுவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு தட்டும் தட்டுவார்.

மருத்துவமனை கைவிரித்து மூன்று வாரம் ஆகிறது. இனிமேல் வைத்தியம் உடம்பை வதைக்கத்தான் செய்யும், வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒரு நர்ஸம்மாவை ஒருநாள் விட்டு ஒருநாள் அனுப்புகிறார்கள். அவர் வலிக்கு மருந்து கொடுக்கிறார், புரட்டிப் படுக்க வைக்கிறார், காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றுகிறார், போய்விடுகிறார். லிஃப்ட்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ரிப்பேர் பண்ண மாட்டாங்களாம். ஆனா வந்து வந்து பாத்துட்டுப் போவாங்களாம். இது என்ன வேலைங்க?" என்று வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்கிறார்.

இன்று நர்ஸம்மா அவர் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

"போதும் ஐயா. அவங்க உடம்பு இப்ப சாப்பாடு கேக்கல. திணிச்சா புரையேறிடும்."

"விட்டுட்டா? பட்டினி போட்டே கொன்னுட்டேன்னு ஆகாதா?"

"ஆகாது. நோய்தான் கொண்டுபோகுது, பசி இல்ல."

"அப்ப நான் என்னதாம்மா செய்யறது?"

"பக்கத்துல இருங்க."

"இருந்து?"

"இருங்க, அவ்வளவுதான்."

நர்ஸம்மா போன பிறகும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. கோபம் வந்தது, யார்மீது என்றுதான் தெரியவில்லை. தாளில் பத்து மணிக் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார். கிண்ணத்தை எடுத்தார், அதையும் வைத்தார். கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டில் கம்பியில் தட்டினார். டொக் டொக்.

அம்மாள் கண் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, மெலிந்த விரலிலிருந்து கழலாமலிருக்க நூல் சுற்றியிருந்த மோதிரம் கம்பியில் ஒரு தரம் தட்டியது.

இன்னொரு தட்டுக்காக, லிஃப்ட்காரர் குனிந்து கம்பியில் காதை வைத்துக்கொண்டார்.