படம் வீட்டுக்கு வரும் என்று சொன்ன அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு பழகிய நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணனிடம் அதிகம் சண்டை போட்டவள் நான் என்பதுதான் அவர் சொன்ன காரணம். எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது, நடுநடுவே சிரிப்பும் வந்துவிடுகிறது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கோவில்பட்டியில். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்தபோது கைக்குழந்தையாகச் சென்னைக்கு வந்தார். வளர்ந்தது, படித்தது, குடும்பம் நடத்தியது எல்லாம் மந்தைவெளியில்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்ததும் கடையில் வந்து உட்காருவார் என்று அப்பா காத்திருந்தார். அண்ணனோ எங்கள் பகுதிக்குக் கேபிள் இணைப்புக் கொடுத்தவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து உள்ளூர்ச் சேனலில் படம் போடுவது அவர் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். ஒரு வீடு கேட்ட படத்தைப் போட்டால், அதை ஏன் போட்டாய் என்று அடுத்த வீடு திட்டும். அந்தத் திட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது.

“வருங்காலத்துல கேசட்டும் இருக்காது, சிடியும் இருக்காது. யாருக்கு எந்தப் படம் வேணுமோ அது அவங்க வீட்டுக்கே வரும். அவங்க கேக்கற நேரத்துக்கு வரும்” என்பார். இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்ற விவஸ்தையே அவருக்குக் கிடையாது. என் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமாவைப் பிடித்துக்கொண்டு, பாயசம் வரும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் என் மாமியாரிடம் போய், “பொண்ணோட அண்ணன் ஜோசியரா?” என்று கேட்டாராம்.

என் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவும் நானும் அண்ணனின் பொறுப்பானோம். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவருக்குத் தலை வாரிவிட்டதுகூட அண்ணன்தான். என் கல்யாணத்தை ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான்.

அது டிபன் கேரியர் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஹார்டு டிஸ்கில் படங்கள் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போய் டிவியோடு மாட்டிவிட்டு வருவார். வேண்டிய படத்தைப் போனில் சொன்னால் ஓர் எண் கொடுப்பார். அந்த எண்ணை அழுத்தினால் அந்தப் படம் மட்டும் ஒரு தடவை ஓடும். ஊரெல்லாம் திருட்டு சிடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் கோடம்பாக்கத்தில் பழைய தயாரிப்பாளர்களின் அலுவலகப் படிகளை ஏறி இறங்கி, முறைப்படி உரிமை வாங்கிய படங்களை மட்டுமே அதில் ஏற்றினார். சித்தப்பா மனமுவந்து முதல் போட்டார். பெட்டிகளை ஏற்றிப்போக வந்த ஆட்டோக்காரர், “இன்னாண்ணே, பொட்டி பொட்டியா தூக்கினு வர்ற? உள்ள இன்னா கீது, பாம்பா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்குப் ‘பொட்டி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நம் உறவில் பலரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தத் தொழில் ஏன் படுத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு படம், அதற்கு ஒரு கட்டணம் என்பது அண்ணன் போட்டிருந்த திட்டம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பெட்டி எடுப்பார்கள் என்று நம்பினார். எடுத்தது கீழ்வீட்டு மாமி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் மாமி வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“எல்லாரும் வாங்கோ, நம்மாத்துல படம் போடறோம். ஒண்டியா உக்காந்துண்டு என்னத்தப் பாக்கறது?”

மொத்தக் குடியிருப்பும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். அப்புறம் மற்ற வீடுகளுக்குப் பெட்டி எதற்கு? சித்தப்பா ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனார். கூட்டத்துக்கு நடுவில் அண்ணன் தட்டு நிறைய பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தார். வேறொரு தெருவில் பெட்டி எடுத்திருந்த வீட்டுக்கு எண் கொடுக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. சித்தப்பா அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தார்.

“ஏலே, ஒரு வீட்டுக்காரங்க துட்டு குடுக்காவ, ஊரு பூரா உக்காந்து பாக்காவ. நீயும் கூடச் சேந்து பஜ்ஜி திங்கியோ?”

“வீட்டுக்கு வந்தவங்கள எந்திரிச்சுப் போங்கன்னு எப்படிச் சித்தப்பா சொல்றது? இடைவேளைல அவங்க பேசறதக் கேட்டீங்களா? அதுக்காகவே இன்னொரு படம் போடலாம்.”

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவர் கோபத்திலும் தவறில்லை. போன இடத்திலெல்லாம் இதே கதைதான். ஒரு பெட்டிக்கு ஒரு தெருவே கூடியது. ஆள் கூடக்கூட அண்ணன் முகம் மலர்ந்தது, வியாபாரம் தேய்ந்தது. பிறகு இணையம் மலிவாகிப் பெரிய பெரிய கம்பெனிகள் படத்தை நேராக வீட்டுக்குள் அனுப்பத் தொடங்கியபோது, பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. அண்ணன் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தன் பெட்டிகளை ஓரங்கட்டிய அதே கம்பியை அடையாறு முழுக்க வீடு வீடாக இழுத்துக் கொடுத்தார். “நான் சொன்னது நடந்துச்சா, இல்லையா?” என்று யாரிடமும் அவர் மார்தட்டியதில்லை. ஒரு தடவையாவது தட்டியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கமாக இருக்கிறது.

ஆனால் அண்ணன் நினைத்தபடி வந்தது பாதிதான். படம் வீட்டுக்கு வந்தது. வீட்டிலிருந்தவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். அண்ணன் தவணையில் ஒரு பெரிய டிவி வாங்கிக் கூடத்தில் மாட்டியிருந்தார். மகன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் இருப்பான். மகள் கட்டிலில் போர்வைக்குள் போனோடு இருப்பாள். அண்ணி சமையலறையில் தன் போனில் தொடர் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ரிமோட்டை வைத்துக்கொண்டு படங்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே, “யாராவது வர்றீங்களா?” என்று கேட்பார். “நீங்க பாருங்கப்பா” என்று உள்ளிருந்து பதில் வரும். சற்று நேரத்தில் டிவியை அணைத்துவிடுவார். “ஏண்ணே, நீங்க மட்டும் பாருங்களேன்” என்று நான் ஒருநாள் சொன்னேன்.

“தனியாப் பாத்தா எனக்குப் படமே புரிய மாட்டேங்குதும்மா” என்றார். “இப்ப எல்லாப் படமும் எல்லார் கையிலயும் இருக்கு. இனிமே படத்தக் கொண்டாந்து குடுக்கறது ஒரு பெரிய விஷயமே இல்ல. நாலு பேர ஒண்ணா உக்கார வைக்கறவன் எவனோ, அவன்தான் இந்தத் தொழில்ல நிப்பான். நீ வேணா பாரு.”

இந்த ஜோசியம் பலித்ததா என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வயிற்று வலி என்று போனவருக்குப் புற்றுநோய் என்றார்கள். அடையாறில் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையில்கூடப் பக்கத்துக் கட்டில்காரரின் போனை வாங்கித் தலையணைமேல் சாய்த்து வைத்து, இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, கூடத்திலேயே கட்டில் போட்டோம்.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து ஒரு படம் பாக்கலாமா?”

வந்தோம். பிள்ளைகள் போனை உள்ளே வைத்துவிட்டு வந்தார்கள். சித்தப்பா கைத்தடியோடு வந்தார். எந்தப் படம் என்பதில்தான் சண்டை வந்தது. சித்தப்பாவுக்குக் கறுப்பு வெள்ளையில் வேண்டும். மகனுக்கு அடிதடி வேண்டும். அழ வைக்கும் படம் மட்டும் வேண்டாம் என்றார் அண்ணி. நான் அழ வைக்கும் படத்துக்குத்தான் வக்காலத்து வாங்கினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணன் படுத்தபடியே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சண்டை முடிவதற்குள் அவருக்கு வலி வந்துவிட்டது. மருந்து கொடுத்ததும் கண் அயர்ந்தார். அடுத்த ஞாயிறு போட்டுக்கொள்ளலாம் என்று டிவியை அணைத்தோம். அந்த ஞாயிற்றுக்கு அண்ணன் இல்லை.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், நர்ஸ் அம்மாக்களுக்கும் நன்றி. சிகிச்சைக்குப் போன ஒவ்வொரு தடவையும், “மெதுவா எறங்குண்ணே, நான் புட்ச்சிகினு கீறன்ல” என்று தாங்கிப் பிடித்த அதே ஆட்டோக்காரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தள்ளாத வயதிலும் படியேறி வந்து பார்த்த மாமிக்கும், போட்ட முதலைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்காத சித்தப்பாவுக்கும், தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஓராண்டாக அந்த டிவியை யாரும் போடவில்லை. போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கை போகவில்லை. இன்று திதி முடிந்து சாப்பிட்டதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கூடத்தில் ஒரு படம் போடப் போகிறோம். எந்தப் படம் என்று இன்னும் முடிவாகவில்லை. நீங்களும் வந்து சண்டை போடலாம். அண்ணனின் நாற்காலியை மாலை போட்டுத் தனியாக வைக்கலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

“வேணாம். யாரையாவது அதுல உக்காரச் சொல்லு. எடம் காலியா இருந்தா அவரு படத்த ஆரம்பிக்க வுட மாட்டாரு” என்றார் அண்ணி.