வர்ணத்தின் நடுவே போண்டா வாசனை

அக்கா!

இப்படிக் கூப்பிட்டால், எந்த அறையில் இருந்தாலும், "என்னடா, எண்ணெய் காஞ்சிடுச்சா?" என்றுதான் பதில் வரும். நான் எதற்குக் கூப்பிட்டாலும் அடுப்பு விஷயமாகத்தான் இருக்கும் என்பது அவள் நினைப்பு. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அவள் போய் நாலு மாதம் ஆகிறது. வாய் இன்னும் தானாகக் கூப்பிட்டுவிடுகிறது. பதில் வராத அந்த இரண்டு விநாடியில்தான் எனக்கு ஞாபகம் வரும்.

எனக்கும் அவளுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அவள் அமெரிக்காவில், குபெர்டினோ பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நான் பத்தாவது கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அவள் முதலில் அம்மாவை வரவழைத்தாள். அம்மா வழியாக எனக்கு கிரீன் கார்டு வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கேட்டரிங் அங்கிளிடம் சேர்ந்துவிட்டேன். அங்கிளுக்குப் பொள்ளாச்சி. எனக்குச் சமையல் வரும், அவருக்குத் திட்ட வரும். பொருத்தமாக இருந்தது.

வார நாளில் அக்கா கம்ப்யூட்டர். சனி ஞாயிறு ஆனால் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குப் போய் விமர்சனம் எழுதுவாள். இந்தியன் கிராசரி வாசலில், கொத்தமல்லிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு தமிழ்ப் பத்திரிகை சும்மா எடுத்துப்போக அடுக்கியிருக்குமே, அதில்தான். நான் வருவதற்கு முன்னால் அதற்கு ஒரு மரியாதை இருந்ததாம். பத்திரிகை வருகிற வெள்ளிக்கிழமை, காய் வாங்குகிற சாக்கில் ஆட்கள் வருவார்களாம். "தாளம் இரண்டு இடத்தில் நழுவியது" என்று எழுதியதற்கு ஒரு டான்ஸ் டீச்சர் ஒரு வருஷம் அக்காவிடம் பேசவில்லை. அக்கா அதைப் பெருமையாகச் சொல்வாள். "கோவம் வருதுன்னா படிக்கிறாங்கன்னு அர்த்தம்டா."

இப்போது யாருக்கும் கோபம் வருவதில்லை. அதற்குப் பதில் வாட்ஸப் வருகிறது. ஒரு ஆண்ட்டி, அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே விமர்சனத்தை எழுதி அனுப்பிவிட்டார். "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே டைப் பண்ணிட்டேன். புடவை கலர் மட்டும் ஃபில் பண்ணிக்கோங்க." அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அவள் கம்பெனியிலும் அதே கதைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பேரில் பேட்டன்ட் எடுத்தார்கள். ஆன்லைனில் சாமான் எடுத்துவிட்டுப் பாதியில் போய்விடுகிற ஆளுக்கு எத்தனை மணி நேரம் கழித்து ஞாபக மெயில் அனுப்ப வேண்டும் என்று ஒரு முறை. அதைத் தன் சொத்து என்று கம்பெனி பதிந்து வைத்துக்கொண்டது. அவளுக்குக் கனமான ஒரு மரப்பலகை கொடுத்தார்கள், பித்தளையில் பேர் போட்டு. ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தாளாம். பிறகு கோர்ட்டுகள் கேள்வி கேட்க ஆரம்பித்தன. கடைக்காரர் எல்லாரும் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது கண்டுபிடிப்பா என்று. அந்த மாதிரிப் பேட்டன்டுகள் ஒவ்வொன்றாக அடிபட்டன, அக்காவுடையதும். நான் வந்து பார்த்தபோது அந்தப் பலகை டைனிங் டேபிளில் சாம்பார்ப் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது.

"சூடு தாங்குதுடா. அந்த அளவுக்கு யூஸ்ஃபுல்."

எனக்கும் ஒரு முறை இருந்தது. அரங்கேற்றத்தில் வர்ணம்தான் நீளமான உருப்படி. அது முடிந்தால் இடைவேளை. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் லாபிக்கு வருவார்கள். அப்போது போண்டா சூடாக இருக்க வேண்டும். முன்னாலேயே போட்டால் ஆறிப்போகும். பின்னால் போட்டால் வரிசை கார் பார்க்கிங் வரைக்கும் போகும். நான் நிகழ்ச்சி நிரலைக் கேட்டரிங் வேனில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வேலை. முதல் உருப்படியில் உருளைக்கிழங்கு மசித்து, இரண்டாவதில் மாவு கரைத்து, வர்ணம் தொடங்கினதும் எண்ணெய் வைப்பேன். வெளியே பொரிக்கிறவனுக்கு மேடை தெரியாது, ஆகவே பக்கக் கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்து, தாளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வேகம் பிடித்து முடிகிற இடத்தில் முதல் ஈடு போண்டா எண்ணெய்க்குள் போகும்.

அக்காவிடம் சொன்னபோது கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். "நான் சேர்ந்த புதுசுல இதுக்குப் பேட்டன்டே வாங்கியிருக்கலாம்டா!" உடனே ஒரு பேப்பரில் எழுதினாள்: "ஒரு முறை. அதில் ஓர் எண்ணெய்ச் சட்டியும் ஒரு நாட்டியமும் அடங்கும்." அந்தப் பேப்பர் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

அந்த முறைதான் என் மானத்தை வாங்கியது.

பிளசன்டனில் இருக்கிற ஒரு பெண்ணின் அரங்கேற்றம். பதினேழு வயசு. வர்ணம் ஓடிக்கொண்டிருந்தது. தாளம் வேகம் பிடித்தது, படபடவென்று உச்சிக்குப் போய் நின்றது. முடிந்தது என்று நினைத்து முதல் ஈட்டைப் போட்டேன், இரண்டாவதையும் போட்டேன். அப்புறம் பார்த்தால் பாட்டு மறுபடி மெதுவாகத் தொடங்குகிறது. அது பாதிதானாம். அந்த டீச்சரின் வர்ணத்தில் நடுவிலும் ஒரு உச்சி உண்டாம். செங்கல் வைத்த கதவு வழியாகக் காற்று நேரே ஹாலுக்குள் அடித்தது. முதலில் கடைசி வரிசை அங்கிள் ஒருவர் வந்தார். "தம்பி, ரெடியா?" பின்னாலேயே பத்துப் பேர், இருபது பேர். கேட்டரிங் அங்கிள் ஓடிவந்து, "என்றா பண்ணி வெச்சிருக்கே!" என்று கத்துவதற்குள் பாதி ஹால் தட்டோடு நின்றது.

வீட்டுக்குப் போகிற வழியில், ஃப்ரீவேயில், அக்கா ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"போண்டா நல்லாத்தான்டா இருந்துச்சு. அதான் பிரச்சனை."

"நீயும் எந்திரிச்சு வந்தியா?"

"நான் எந்திரிக்கல. எந்திரிச்சவங்க எல்லாம் நல்ல கட்டத்தை மிஸ் பண்ணிட்டாங்க. எழுதறேன் பாரு."

"என்னைப் பத்தியும் எழுதுவியா?"

"பின்ன? நீ இல்லாம அந்த அரங்கேற்றமே இல்ல."

எழுதி நான் பார்க்கவில்லை. அரங்கேற்றம் முடிந்த பதினோராம் நாள் காலையில் காபி கலக்கிக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அங்கிள் ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பெண் டான்ஸை விட்டுவிட்டாளாம். "பாதி ஹால் எந்திரிச்சுப் போயிருச்சில்லீங்களா, தனக்கு ஆட வரலைன்னு முடிவு பண்ணிருச்சாமாங் கண்ணு. சலங்கையக் கொண்டுபோய் கராஜ்ல போட்டுருச்சாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கினார். கதவு திறந்திருந்தது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அக்காவுக்கும்.

அன்றுதான் அவள் கைப்பையைத் திறந்தேன். அதுவரை தைரியம் வரவில்லை. உள்ளே அந்த அரங்கேற்றத்தின் நிரல், ஓரம் முழுக்க அவள் கையெழுத்து. என் பத்தாவது தமிழை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

நேரே பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷர். அக்கா பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்த ரெண்டு லைன் வேணாமே. போண்டா லைன், அரைமண்டி லைன். இப்ப யாரு விமர்சனம் படிக்கிறா? கன்கிராஜுலேஷன்ஸ்னு ரெண்டு போட்டோ போட்டா அவங்களும் ஹேப்பி, நாமளும் ஹேப்பி" என்றார்.

"அந்த ரெண்டு லைனும் இல்லாட்டி இது அக்கா எழுதினது இல்ல சார்."

"புரியுது தம்பி. காலம் அப்படி" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளசன்டன் போனேன். அந்த வீட்டு ஆண்ட்டி, பெண்ணின் அம்மா, கதவைத் திறந்து, "என்னப்பா? பாத்திரம் எல்லாம் அன்னைக்கே குடுத்துட்டோமே" என்றார். அக்கா எழுதிய விமர்சனம் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். ஆண்ட்டி முகம் மாறியது. "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? எம் பொண்ணே அப்செட்டா இருக்கா." பின்னால் மாடிப்படியில் அந்தப் பெண் நின்றாள். "மாம், லெட் ஹிம் ரீட்" என்றாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. நின்றபடியே படித்தேன்.

"வர்ணத்தின் நடுவே போண்டா வாசனை வந்தது. அதற்குக் காரணம் கதவைத் திறந்துவைத்த என் தம்பி. பாதிச் சபை எழுந்து போனது, நடனத்தில் குறை இருந்ததால் அல்ல. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு இந்தப் பெண் 'இன்னும் வரவில்லையே' என்று காத்திருக்கிற நாயகியாக நின்றாள். அழுகை வந்தது அவளுக்கு. அதை விழுங்காமல் நாயகிக்கே கொடுத்துவிட்டாள். இந்த வருஷம் நான் பார்த்ததில் அதுதான் சிறந்த நிமிஷம். ஆனால் அரைமண்டி, வர்ணத்தின் இரண்டாம் பாதியில் ஒவ்வொரு தீர்மானத்திலும் எழும்பிவிடுகிறது. இடுப்புக்கும் தொடைக்கும் ஒரு வருஷ உழைப்பு பாக்கி."

அரைமண்டி என்றால் முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த மாதிரி நிற்பது; தீர்மானம் என்றால் அடவுகளை அடுக்கி முடிக்கிற இடம். எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

படித்து முடித்து, "கதவைத் தொறந்து வெச்சது நான்தாங்க. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றேன்.

ஆண்ட்டி வெடித்தார். "ஒரு போண்டாவுக்காகவா? ரெண்டு மாசமா எம் பொண்ணு ரூமை விட்டு வெளியவே வரலப்பா!" எல்லாம் நியாயம். தலையைக் குனிந்து நின்றேன்.

அந்தப் பெண் படி இறங்கி வந்தாள். "சே த லாஸ்ட் பார்ட் அகெய்ன்."

அரைமண்டி வரியைத் திரும்பப் படித்தேன்.

"தட்ஸ் ட்ரூ. இட் டஸ் கோ அப்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, அவளுடைய தமிழில், "எல்லாரும் அமேசிங், அமேசிங் சொன்னாங்க. ஸோ நான் யாரையும் நம்பல. இவங்க தப்பு சொல்றாங்க. அப்போ நல்லது சொன்னதும் ட்ரூதானே?" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள், அழுதும்விட்டாள். "போண்டா! ஓ மை காட்." ஆண்ட்டிக்கு என்னைத் திட்டுவதா, மகளைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டார். அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். சர்க்கரை போடாமல் கொடுத்தார். மறந்தாரா, தண்டனையா என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண், "கேன் ஐ கீப் திஸ்?" என்றாள். அக்கா கடைசியாக எழுதினது அது. எனக்குக் கொடுக்க மனசில்லை. நிஜமாகவே மனசில்லை. ஷூ போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். அப்புறம் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பேப்பரை அவளிடம் கொடுத்தேன். அது அவளைப் பற்றி எழுதினது. என்னிடம் இருந்து என்ன செய்யும்? படி இறங்கி காருக்கு வரும்போது கராஜ் கதவு மேலே போகிற சத்தம் கேட்டது. உள்ளே அவள் அட்டைப் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் செங்கல் வைப்பதில்லை. அங்கிள் ஒரு ஆளை உள்ளே நிறுத்தி, இடைவேளை வந்ததும் போன் பண்ணச் சொல்லிவிட்டார். சாம்பார்ப் பாத்திரம் அதே பலகைமேல்தான் இருக்கிறது. அம்மா அதன் பித்தளையை மட்டும் தினம் துடைக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும், உங்கள் சாமி எதுவோ அதன் முன்னால், எங்கள் அக்காவுக்காக ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம், ரொம்பப் புகழவும் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே வேண்டிக்கொள்ளுங்கள்.