நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்ன பகவதி அக்கா

பகவதி அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

காலையில் அவர் தம்பி போன் பண்ணிச் சொன்னதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டுகிறேன், கழற்றுகிறேன். மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்களாம். அதுவரை என்ன செய்வது... அதனால்தான் இதை டைப் அடிக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: அக்காவுக்கு ஆரியசாலை மார்க்கெட்டில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் போன் ஆர்டர் எடுக்கிற வேலை. பிறவியிலேயே கண் தெரியாது. வித்துரா, நெடுமங்காடு பக்கத்து சின்னக் கடைக்காரர்களுக்கு ஆரியசாலை என்றால் அக்காவின் குரல்தான்.

நான் அப்போது தம்பானூரில் ஒரு குட்டி கம்பெனியில் வெப் டிசைனர். ஒரு நாள் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, வெப்சைட் ரிப்பேர் பாப்பீங்களா? எனக்க வேலைய ஒரு வெப்சைட்டு திங்கப்போவுது. அதுக்கு முன்ன சரியாக்கித் தரணும்."

சிரிப்பு வந்தது. நேரில் போய்ப் பார்த்ததும் நின்றுவிட்டது.

கடை முதலாளி, நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சி, யாரையோ வைத்து கடைக்கு வெப்சைட் செய்துவிட்டார். இனி ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும் என்று வேறு அறிவித்துவிட்டார். அதைப் படித்து குடோனுக்கு லோடு சொல்ல முடியாவிட்டால் அக்காவுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை?

அக்காவின் கம்ப்யூட்டரில் ஸ்க்ரீன் ரீடர் இருந்தது. திரையில் உள்ள எழுத்தையெல்லாம் அமெரிக்கக் குரலில் வாசித்துச் சொல்லும் சாப்ட்வேர். ஆனால் அந்த சைட்டில் எழுத்து என்று ஒன்றுமே இல்லை... சரக்கு பெயர், விலை, கடை அட்ரஸ்கூட படம். அது பாவம் "இமேஜ்... இமேஜ்... இமேஜ்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அதையும் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை. பேஜைத் திறந்தாலே நாதஸ்வரம்!

நிஜமாகத்தான். ஹோம் பேஜில் பிள்ளையார், கூடவே நாதஸ்வரமும் தவிலும். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார். "சவம்... கல்யாண வீட்டுல நின்னு கணக்கு கேட்ட மாதிரி இருக்கு."

நாதஸ்வரத்தை எடுத்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம். "மங்கள வாத்தியத்த நிறுத்திட்டு யாவாரம் பண்ணணுமாவே? பகவதி கொஞ்ச நாளு வீட்ல இருக்கட்டும். பொறவு வேற எதாவது பாப்போம்."

'வேற எதாவது' என்றால் ஒன்றுமில்லை என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்கு எப்போதும் கால் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மேஜையே ஆடியது.

"அண்ணாச்சி, காலத்த கடை தொறந்ததும் சாமிக்கு மணி அடிப்பீங்கல்லா?"

"பின்ன? அடிக்காம?"

"அடிச்சு முடிச்சிட்டுத்தானே கல்லாவுல இருப்பீங்க? நாள் முழுக்க அடிச்சிட்டே இருந்தா, வந்த ஆளுகிட்ட என்ன வேணும்னு எப்பம் கேப்பீங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். திரையில் பிள்ளையாரைப் பார்த்தார். "செரி... ஒருக்கா வாசிச்சிட்டு நிக்கட்டும்" என்றார்.

அப்புறம் எனக்குத்தான் பாடு. விலையையெல்லாம் எழுத்தாக மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கிற மாதிரி, அதன் பெயரை அடித்தேன். அந்த அமெரிக்கக் குரலுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். மல்லி என்று நான் அடித்தால் அது 'மோளி' என்று வாசித்தது.

அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. குடோனுக்கு போன் போட்டு, "மோளி ரெண்டு சாக்கு, வித்துராவுக்கு ஏத்துங்க!" என்று சத்தமாகச் சொல்வார்.

லாரி டிரைவர் மலையாளி. மோளி அவர் ஊரில் பெண் பெயர். ஒரு நாள் உள்ளே வந்து, பெண்ணையா சாக்கில் ஏற்றுகிறோம் என்று பயந்துபோய்க் கேட்டார்: "ஆரா சேச்சீ ஈ மோளி? சாக்கிலாணோ கொண்டுபோகுந்நே?"

அன்று அக்கா சிரித்த சிரிப்பு... பக்கத்து வெற்றிலைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதல் வெப்சைட் ஆர்டரை எடுத்த அன்றும் எனக்குத்தான் போன். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. "தம்பி, நானே படிச்சேன். ஒருத்தரயும் கேக்கல்ல, மனசிலாச்சா?" டக்கென்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் என்கேஜ்டு. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

போன வாரம் வரைக்கும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். எப்போது பார்த்தாலும் என்னுடன் சண்டை. "அந்த பேஜ்ல ஒரு பட்டனு பேரில்லாம கெடக்கு, என்னத்த அமத்தணும்னு எனக்கென்ன சொப்பனமா வரும்?" சரி செய்து கொடுத்தால் தேங்க்ஸ் வராது, அடுத்த கம்ப்ளெயின்ட் வரும். கோபம் கோபமாக வரும் எனக்கு. இப்போது கேட்டால் உயிரையே கொடுப்பேன்.

இன்று காலை யாரோ நம்ம குரூப்பில் ஒரு போஸ்டரின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். வெறும் படம். கூட ஒரு வரி இல்லை.

அதன் கீழே அக்காவின் தோழி, அக்காவைப் போலவே கண் தெரியாத ஒரு டீச்சர், கேட்டிருக்கிறார்: "இமேஜ் எந்நு மாத்ரம் வாயிக்குந்நு. எந்தாணு அதில்? ஆரெங்கிலும் ஒந்நு எழுதாமோ?" இமேஜ் என்று மட்டும்தான் வாசிக்கிறதாம், அதில் என்ன இருக்கிறது என்று யாராவது எழுத வேண்டுமாம்.

அதற்கும் கீழே வரிசையாக ஆர்.ஐ.பி., ஆர்.ஐ.பி. யாருக்கு என்று ஒருத்தரும் எழுதவில்லை. டீச்சர் திரும்பவும் கேட்டிருக்கிறார், "ஆர்க்கு?"

அவர் நம்பர் என்னிடம் இல்லை. படத்தின் கீழே எழுதிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்.

டீச்சர், அது கறுப்புக் கரை போட்ட போஸ்டர். மேலே 'ஆதராஞ்சலிகள்' என்று இருக்கிறது. நடுவில் நீலச் சேலையில், கழுத்தில் ஹெட்போனோடு, நம்ம பகவதி. இன்று சாயங்காலம், தைக்காடு மயானத்தில் தகனம்.

போயிட்டு வாங்கக்கா.