யாதகிரி பிடுங்கிய ஐந்து தக்காளிச் செடிகள்

யாதகிரி போய்விட்டார்.

இன்று காலை வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். நெஞ்சு வலியாம். நேற்றே லாலாகுடாவில், அவர் வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம்...

எங்கள் அபார்ட்மென்டில் ஆறு வருஷம் தோட்ட வேலை பார்த்தவர். நமக்கு ஏன் சொல்லி அனுப்புவார்கள்? நாம்தானே அவரைத் துரத்தினோம்.

காலையிலிருந்து அபார்ட்மென்ட் குரூப்பில் "ஆர்.ஐ.பி. அங்கிள்", கும்பிடுகிற கை, பூங்கொத்து. அவரை அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லோரும். நானும் போட்டவள்தான். எடுங்கள் அதையெல்லாம்.

மொட்டை மாடியில் நான் முதலில் தக்காளி வைத்தபோது, கீழ் இலைகளில் பழுப்பு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் வட்டம். நான் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவது போலத் தினமும் மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நக்கோ அம்மா, நக்கோ! தாகம் இலைக்கா, வேருக்கா?" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டார். ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், அந்தத் தமிழ். வேண்டாம் என்பதற்கு மட்டும் நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். "அடியில ஊத்துங்க. புள்ளி விழுந்த இலையக் கிள்ளிப் போடுங்க."

"நாப்பது வருஷமா செடி வளக்கறேன்ப்பா."

"ஹவ் அம்மா. அது செடிக்குத் தெரியாதே!"

கிள்ளினேன். பிழைத்தது.

அந்த மனுஷர் எந்த இலையையும் திருப்பித்தான் பார்ப்பார். அபார்ட்மென்ட் செக்ரட்டரியின் செடியில் கொழுந்து இலைகள் கிண்ணம் போல மேல்பக்கம் சுருண்டு, ஓரமெல்லாம் மஞ்சள். யாதகிரி ஒரு தட்டு தட்டினார். சாம்பல் பறந்த மாதிரி வெள்ளை ஈ...

"சார், இதுக்கு மருந்து கிடையாது. பிடுங்கிடணும். இந்த ஈ பக்கத்துத் தொட்டிக்கும் நோவு கொண்டு போகும்."

செக்ரட்டரிக்குப் பேகம்பேட்டில் பெரிய கம்பெனியில் வேலை. நெட்டில் பார்த்துவிட்டு, கால்சியம் குறைச்சல் என்றார். தன் அம்மாவின் எலும்பு மாத்திரையைக் கரைத்து ஊற்றினார்!

பத்து நாளில் இன்னும் நாலு தொட்டி சுருண்டது. அதில் ஒன்று என்னுடையது. யாதகிரி யாரையும் கேட்கவில்லை. ஐந்தையும் பிடுங்கிக் கவரில் போட்டுக் கட்டிவிட்டார். மிச்சத் தொட்டிகள் தப்பித்தன.

ஆனால் செக்ரட்டரி செடியில் பூ இருந்ததாம். முதல் பூவாம். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் லைக் வாங்கிய பூவாம். அதற்காக ஒரு மனுஷனின் வேலை.

செக்ரட்டரி ஒரு காகிதத்தோடு என் வீட்டு வாசலுக்கும் வந்தார்.

"என்ன பேப்பர் சார்?"

"டெரஸ் கார்டனுக்கு ரூல்ஸ், ஆண்ட்டி. எல்லாரும் சைன் பண்ணிட்டாங்க."

முழுக்க இங்கிலீஷ். பேரன் ஸ்கூலிலிருந்து வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வரி வரியாகப் படிப்பவள் மாதிரி பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் யாதகிரி மாடிச் சாவியைக் கொடுக்க வந்தார்.

"மத்தவங்க போட்டாங்க, சரி. உங்க செடிக்கு என்ன நோவுன்னு நான் காட்டினேனே அம்மா... நீங்களுமா போட்டீங்க?"

"எல்லாரும் சொல்றப்ப நான் மட்டும் என்னப்பா பண்றது?" என்றேன்.

பொய். அவர் என்னைத் துரோகி என்று நினைத்தாலும் பரவாயில்லை, படிக்காதவள் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி ஒரு திமிர் எனக்கு.

"சரி அம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவ்வளவுதான்.

லாலாகுடா என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ஒரு ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். எட்டு மாதம் போகவில்லை நான்.

யாதகிரி... நான் அஞ்சாவதுதான் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்தக் காகிதத்தில் உன் பேர் இருந்தது எனக்குத் தெரியாது.

போய்வாப்பா.