வெறுந்தட்டில் எழுந்த முகடு

பிளோவ்டிவ் நகரின் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஸப்ரியங்கா முப்பத்தொரு வருஷம் தங்கத் தட்டு கழுவினாள். நகமளவுத் தட்டுகள். கரைசலில் முக்கினால், கூண்டு வடிவ மூலக்கூறுகள் யாரும் அடுக்காமலே தங்கத்தின்மேல் வரிசைகட்டி நிற்கும். கூண்டுக்குள் என்ன சிக்கியிருக்கிறது என்பதை ராமன் கருவி சொல்லும். லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் திரையில் தனக்கே உரிய முகடுகளைக் காட்டும்.

ஆய்வு மாணவன் கலோயனின் முகடு திரையின் அளவுகோலில் 1040-இல் இருந்தது. தண்ணீரில் கலந்த பூச்சிமருந்து கூண்டில் சிக்கியதற்கு அதுவே அத்தாட்சி என்று ஆய்வேடு முழுக்க எழுதியிருந்தான். வாய்மொழித் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. அதற்குள் எல்லாருக்கும் சாக்லேட் பெட்டியை நீட்டியாயிற்று.

ஒப்பிடுவதற்காகக் குளிர்காலத்திலேயே கழுவி வைத்திருந்த வெறுந்தட்டுகள் அந்த ஜூன் காலையில் தீர்ந்தன. ஸப்ரியங்கா புதிதாக ஒன்றைக் கழுவி, கூண்டும் மருந்தும் இல்லாமல் கருவியில் வைத்தாள். 1040-இல் முகடு எழுந்தது.

இன்னொரு தட்டு. அதே முகடு.

கழுவும் ஆல்கஹால் வரும் குழாயைப் பார்த்தாள். மார்ச்சில் பழையது வெடித்தபோது, கடையில் வாங்கி அவளே மாட்டிய மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் எண்ணெய் ஆல்கஹாலில் கரைந்து தட்டில் ஒட்டியிருந்தது; 1040 அந்த எண்ணெயின் முகடு. கழற்றி எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற ஐந்து மாதம்கூட இல்லை.

"தம்பி, இங்க வா. இதப் பாரு."

"அழகா வந்திருக்கேக்கா. எந்தத் தட்டு?"

"வெறுந்தட்டு."

கலோயன் சிரித்தான். "காலையிலேயே ரக்கியா போட்டுட்டீங்களா?"

"குழாய மாத்துனது நான்தான். மார்ச்சுக்கு அப்புறம் நீ எடுத்த எல்லாத்துலயும் இந்த அழுக்கு இருக்கு."

அவன் உட்கார்ந்துவிட்டான். "தேர்வு முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பவும் இது இங்கயேதான் இருக்கும். எந்திரி. பேராசிரியர்கிட்ட நானே சொல்றேன்."

"என் சாக்லேட்டத் திருப்பிக் குடுங்க."

"தின்னாச்சு."

அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. தேர்வு நவம்பருக்குப் போனது. கண்ணாடிக் குழாய் வழியே கழுவிய தட்டுகளில், எண்ணெய் மறைத்திருந்த ஒரு சின்ன முகடு 1112-இல் தெரிந்தது. மருந்து சிக்கத்தான் செய்திருந்தது, ஆனால் அவன் எழுதியதில் பத்தில் ஒரு பங்கு.

ஓய்வுபெற்ற பின்னும் மூன்று வாரம் சம்பளமில்லாமல் போய்த் தட்டு கழுவினாள். தொலைபேசியில் திட்டிய மகளிடம், "குழாய மாட்டுனது யாரு, நீயா?" என்றாள்.

பிப்ரவரியில் மாரடைப்பு வந்து ஸப்ரியங்கா இறந்துபோனாள்.

அந்த மூன்று வாரத்து அளவீடுகளைக் கலோயனிடம் மகள் கேட்டு வாங்கினாள். அறுபத்திரண்டு தட்டுகளின் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதிலும் 1040-இல் ஒன்றும் இல்லை.